முற்றமும் தோட்ட அமைப்பாளரும்

வீடு கட்டும் கொத்தன் வேலை முடிந்த நாளில் தன் கருவிகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அவன் எழுப்பிய சுவர் அன்று எப்படி நின்றதோ அப்படியே நெடுங்காலம் நிற்கும். தோட்டம் அமைப்பவர்க்கு அந்த நற்பேறு இல்லை. அவருடைய வேலை முடிந்த நாளில்தான் தோட்டத்தின் வேலை தொடங்குகிறது. சில செடிகள் தழைக்கும், சில பட்டுப்போகும், நிழல் இடம் மாறும், மழைநீர் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும், வீட்டிலுள்ளோர் வயதும் ஏறும். ஆகவே, ஓர் இல்லத்துத் தோட்டம் நன்கு அமைந்ததா என்னும் வினாவுக்கு, அது முடிக்கப்பெற்ற நாளில் எடுத்த புகைப்படம் விடை கூறாது. ஐந்தாறு மழைக்காலம் சென்றபின் அவ்வீட்டார் அவ்விடத்தில் என்ன செய்கின்றனர் என்பதே விடை கூறும்.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், ஊதியம் பெற்றுத் தோட்டம் வகுத்துத் தரும் தொழிலைப் பற்றி வழங்கும் புகழுரையும் பழியுரையும் ஒருங்கே வலுவிழக்கின்றன. 'அமைப்பாளர் வந்தார், வீடு விளங்கிற்று' என்பாரும் உளர். 'அமைப்பாளர் வந்தார், பணம் போயிற்று' என்பாரும் உளர். இரு சாராரும் அமைப்பாளர் ஒருவரையே கணக்கிற் கொள்கின்றனர். தோட்டமோ இருவர் கூடிச் செய்யும் வேலை. வீட்டார் தம் அன்றாட வாழ்வை ஒளிக்காமல் எடுத்துரைத்தல் வேண்டும். அமைப்பாளர் அதனைக் கேட்டு, நிலம் எதற்கு இடம் தரும், எதற்கு இடம் தராது என்பதை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். இவ்விரு கடமைகளுள் ஒன்று தவறினும் மற்றது பயன் தராது. பினாங்கின் பழைய தெருக்களில் இன்று இவ்வுண்மை பெரிதும் மறக்கப்படுகிறது. அதனால் கெடுவது அழகு மட்டுமன்று, வீடுமாம்.

தெருவுக்குத் தெரியாத தோட்டம்

ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பிட் தெருவே இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என வழங்குகிறது. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கி நகரை வகுத்தபோது தோன்றிய தொடக்கத் தெருக்களுள் இஃது ஒன்று. தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் முகைதீன் 1801ஆம் ஆண்டில் நிறுவிய பள்ளிவாசல் இச்சாலைக்குப் பெயர் தந்துள்ளது. சீனர் வழிபடும் கருணைத் தெய்வத்தின் கோயில் இச்சாலையில் உள்ளது. 1833ஆம் ஆண்டில் எழுந்த மகா மாரியம்மன் கோயில் அடுத்த குவீன் தெருவை நோக்கி நிற்கிறது. வடகோடியருகே 1818இல் கட்டப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது.

பள்ளிவாசலைச் சூழ்ந்த புல்வெளியையும் வழிபாட்டிடங்களின் முன்றிலையும் நீக்கிவிட்டால், இங்கே தெருவில் நடப்பவர் கண்ணுக்குப் பசுமை படுவது அரிது. கடைவீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. முகப்புக் குறுகியது, உள்நீளம் மிகப் பெரிது. முன்புறம் ஐந்தடி நடை, அதன்மேல் மாடி. முன்தோட்டம் என்பதற்கே இடமில்லை. ஆயினும் வாயிலைக் கடந்து உள்ளே சென்றால், வீட்டின் நடுவே கூரை விலகி வானம் தெரியும். சீனர் இதனை 'வானக் கிணறு' என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். தமிழர்க்கு இது முற்றம். செட்டிநாட்டு வளவு வீடுகளில் வளர்ந்தவர்க்கு இதன் நோக்கம் எடுத்துரைக்காமலே விளங்கும்.

இருபுறமும் பொதுச் சுவர். பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. நெடுநீள வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் வரவேண்டுமானால் மேலிருந்துதான் வரவேண்டும். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, தெருப்புறத்துக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கி, சற்றே தாழ்வாகப் பாவிய கருங்கற் பலகைமேல் ஓடி, வடிகால் புகுகிறது. ஆண்டில் ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் இந்த ஏற்பாடு எளிய காரியமன்று. அரிசி களைவதும், துணி துவைப்பதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும், தொட்டியில் நாலு செடி வைப்பதும் இங்கேதான். இதனை எந்தத் தோட்டக் கலைஞரும் வகுத்துத் தரவில்லை. கொத்தனின் கைப்பழக்கமும் குடியிருந்தோரின் நாட்பழக்கமும் சேர்ந்து வகுத்தன.

அந்தப் பழக்கம் அறுபட்டதற்குக் காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தாழ்வாக நிறுத்தி வைத்திருந்தது. அதனை நீக்கும் சட்டம் 1997இல் வந்து, 1999ஆம் ஆண்டின் முடிவோடு கட்டுப்பாடு முற்றும் நீங்கிற்று. வாடகை ஏறியதும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர் பலர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரிய நகராக அறிவிக்கப்பெற்றது. அதன்பின் பழைய கடைவீடுகள் பல விடுதிகளாகவும் சிற்றுண்டிச் சாலைகளாகவும் வசதியுள்ளோர் இல்லங்களாகவும் மாறின. புதிய உரிமையாளரோடு கூடவே தோட்ட அமைப்பாளரும் வந்தார்.

அவர் வரவு தீதென்று கூறுவதற்கில்லை. பாழடைந்து, சுவரில் அரசும் ஆலும் முளைத்து வேரோடிக் கிடந்த வீடுகள் பல மீண்டும் ஒளி பெற்றன. எனினும் திருத்தப்பெற்ற முற்றங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும் பிழைகள் சில உண்டு. குளிர்பதனக் காற்று வெளியேறாதிருக்க முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை போடுவது ஒன்று. அவ்வாறு மூடிய முற்றம் வெப்பத்தை உள்ளே சிறைவைக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய பழஞ்சுவரில் நீர் பாய்ச்சும் செடிப் பலகைகளை அறைவது மற்றொன்று. அச்சுவர் மூச்சு விடுவதற்காகக் கட்டப்பட்டது, ஈரம் ஏறினால் காரை உதிரும், செங்கல் கரையும். கருங்கல்லை எடுத்துவிட்டு அசையா நீர்த்தொட்டி அமைப்பது இன்னொன்று. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எய்த ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொசு பெருக இடம் தந்த குற்றம் அவ்விடத்தை வைத்திருப்போரைச் சாரும். படம் வரைந்தவர் அதற்குள் வேறு வீட்டில் வேறு படம் வரைந்துகொண்டிருப்பார்.

இப்பிழைகள் யாவும் அறியாமையால் மட்டும் விளைந்தன அல்ல. நல்ல பயிற்சியுடைய அமைப்பாளரும் இவற்றைச் செய்கின்றார். ஏன் செய்கின்றார் என ஆராய, இத்தொழில் பிறந்த கதையைச் சற்று நோக்குதல் வேண்டும்.

மடித்து ஒட்டிய தாள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் பெருநிலக்கிழார்களின் மாளிகை வெளிகளைத் திருத்தியமைத்து 'கேப்பபிலிட்டி' என்னும் பட்டப்பெயர் பெற்ற லான்சலாட் பிரவுன் 1783ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் திட்டமும் தருவார். ஆள் வைத்து வேலையையும் முடித்துத் தருவார். அவருக்குப்பின் 1788ஆம் ஆண்டில், தம் முப்பத்தாறாம் வயதில் இத்தொழிலுக்கு வந்த ஹம்ப்ரி ரெப்டன் வேறு வழி பற்றினார். அவர் அறிவுரை மட்டுமே தந்தார். மண் வெட்டும் வேலையை வீட்டுக்காரரிடமே விட்டார். ஜேன் ஆஸ்டின் 1814இல் வெளியிட்ட 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' என்னும் நாவலில் ரெப்டனின் பெயரும், அவருடைய ஒருநாள் ஊதியம் ஐந்து கினி என்பதும் பேச்சில் அடிபடுகின்றன. அவ்வளவுக்கு அவர் புகழ் பரவியிருந்தது.

அப்புகழுக்குக் காரணமான கருவி அவருடைய சிவப்பு நூல். நிலத்தைச் சுற்றிப் பார்த்து, தம் கருத்துகளை எழுதி, வண்ணப் படங்கள் சேர்த்து, செந்தோல் அட்டையிட்டு நிலக்கிழாரிடம் கொடுப்பார். படத்தின் மேல் ஒரு சிறு தாள் மடிந்து ஒட்டியிருக்கும். அது மூடியிருக்கையில் நிலத்தின் இன்றைய தோற்றம். அதனை விலக்கினால் ரெப்டனின் எண்ணப்படி அமையப்போகும் தோற்றம். விரல் நுனியால் ஒரு வேலியை மறைத்து ஓர் ஏரியை வரவழைக்கும் அவ்வித்தைக்கு மயங்காத செல்வர் அரியர்.

ரெப்டன் கூர்ந்த மதியினர். நிலத்தின் இயல்பையும் வீட்டாரின் வசதியையும் அவர் எண்ணாமல் எழுதியவர் அல்லர். ஆனால் அவர் கண்டுபிடித்த கருவியில் ஒரு குறை பொதிந்து கிடந்தது. தாளை விலக்கும் கணத்தில் காலம் என்னும் ஒன்று காணாமற் போகிறது. மரம் வளர வேண்டிய முப்பது ஆண்டும், அதனைக் காக்க வேண்டிய கையும், இடையில் வரும் வறட்சியும் படத்தில் இல்லை. வீட்டுக்காரர் இரண்டு தோற்றங்களுக்கிடையே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் தேர்ந்தெடுப்பது நெடுநாள் உழைப்பு ஒன்றை.

இன்று கணிப்பொறி வரைந்து தரும் வண்ணத் தோற்றங்கள் ரெப்டனின் மடித்தாளுக்குப் பேரப்பிள்ளைகள். அவற்றில் இலை உதிர்வதில்லை, பாசி படிவதில்லை, கொடியில் துணி உலர்வதில்லை. பினாங்கு முற்றத்தின் பிழைகளுக்கு மூலம் இங்கேதான் உள்ளது. வீட்டார் படத்தைக் கேட்கின்றனர். அமைப்பாளர் படத்தைத் தருகின்றார். வாழ்வைப் பற்றிய பேச்சு இருவரிடையிலும் நிகழ்வதே இல்லை.

பேச்சு நிகழ்ந்தால் தொலைவுகூடத் தடையாகாது என்பதற்கு கெர்ட்ரூட் ஜீக்கில் சான்றாவார். 1843 முதல் 1932 வரை வாழ்ந்த அவ்வம்மையார் சுமார் நானூறு தோட்டங்களுக்குத் திட்டம் தந்தவர். கண்பார்வை குன்றி, முதுமையில் தம் இல்லத்தை விட்டு வெளியேறுவது அரிதானபோது, தபால் வழியே தோட்டங்களை வகுத்தார். நேரிற் காணாத நிலத்தைக் கேள்விகளால் கண்டார். அளவு, உயரம், மண்ணின் தன்மை, ஏற்கனவே நிற்கும் மரம் ஆகிய யாவற்றையும் கேட்டறிந்த பின்னரே செடிகளை வரிசைப்படுத்தினார். நேரில் வந்து நின்று படம் பிடித்துக்கொண்டு போகும் அமைப்பாளரினும், நேரில் வராமல் நூறு கேள்வி கேட்கும் அமைப்பாளர் மேலானவர் என்பது இதனாற் பெறப்படும்.

கொழும்பு தரும் பாடம்

பினாங்கு முற்றத்துக்கு இங்கிலாந்தைவிட இலங்கை அண்மையது. மழையும் வெயிலும் ஒத்தவை. நடுமுற்றம் வைத்த பழைய மனைகளும் அங்கே உண்டு. ஜெஃப்ரி பாவா என்னும் கட்டடக் கலைஞர் 1919 முதல் 2003 வரை அந்நாட்டில் வாழ்ந்தார். சட்டம் பயின்ற அவர் 1948ஆம் ஆண்டில் பெந்தோட்டைக்கு அருகே ஏரிக்கரையில் லுணுகங்கை என்னும் ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, அதனைத் தம் விருப்பப்படி திருத்தத் தொடங்கினார். கட்டடக் கலை கற்கும் எண்ணம் அதன்பின்னரே பிறந்தது. லண்டனில் பயின்று 1957இல் தகுதி பெற்றார். அவருடைய தமையனார் பெவிஸ் பாவா 1929 முதல் 'பிரீஃப்' என்னும் தம் தோட்டத்தை வளர்த்தெடுத்து, பிறருக்கும் தோட்டம் வகுத்துக் கொடுத்தவர்.

லுணுகங்கையைப் புகழாதார் இல்லை. குன்றின் முடியைத் தாழ்த்தி அப்பாலுள்ள நீர்ப்பரப்பைக் காட்டியது, பொதுவழியைப் பள்ளத்தில் மறைத்தது, அலரி மரத்தின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு அவற்றை வேண்டிய வாக்கில் வளைத்தது ஆகியவை எல்லாம் ஒரு மனிதரின் கண்ணுக்கு நிலம் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதைக் காட்டுகின்றன. ஆனால் வீட்டுத் தோட்டம் அமைக்க விரும்புவோர்க்கு அது முன்மாதிரி ஆகாது. அங்கே அமைப்பாளரும் வீட்டுக்காரரும் ஒருவரே. ஐம்பதாண்டு காலம் நாள்தோறும் திருத்திக்கொண்டே இருந்தார்; தவறியதை மறுபடி செய்தார். ஊதியத்துக்கு வந்து ஆறு திங்களில் விடைபெறும் அமைப்பாளர் லுணுகங்கையைப் போலச் செய்து தருவேன் என்றால், தம்மிடம் இல்லாத பொருளை விற்கிறார் என்பதே பொருள்.

உண்மையான பாடம் வேறு வீட்டில் உள்ளது. ஏனா டி சில்வா என்னும் அம்மையார் தமக்கும் தம் கணவருக்குமாக ஒரு வீடு கட்டித் தருமாறு பாவாவை நாடினார். கொழும்பு ஆல்பிரட் பிளேஸ் என்னும் தெருவில் 1960க்கும் 1962க்கும் இடையே அவ்வீடு எழுந்தது. பிற்காலத்தில் பத்திக் துணிக்கலைக்குப் பேர்போன அவ்வம்மையார் கண்டி நாட்டுப் பழங்குடியில் பிறந்தவர், வாழ்வதோ தலைநகரில். மூதாதையர் மனையின் அமைதியும் வேண்டும். இக்காலத்து வீட்டின் வசதியும் வேண்டும். நிலமோ சிறிது.

அந்நாளில் கொழும்பில் செல்வர் வீடு என்றால், நடுவே கட்டடமும் சுற்றிலும் புல்தரையுமாக நிற்கும் பங்களாவே வழக்கம். சிறு நிலத்தில் அதனைச் செய்தால் நாற்புறமும் பயனற்ற குறுகிய சந்துகள் எஞ்சும். பாவா அவ்வழக்கத்தைத் திருப்பிப் போட்டார். எல்லையோரமாகச் சுவரெழுப்பி, வெளியை வீட்டுக்குள் கொணர்ந்து, அறைகளை நடுமுற்றத்தைச் சுற்றி அடுக்கினார். அயல்நாட்டுப் பொருள் எளிதிற் கிடைக்காத அக்காலத்தில் ஓடும் மரமும் கல்லும் சுண்ணமும் பெரும்பங்கு வகித்தன. இதனை அமைப்பாளரின் மேதை என்று மட்டும் கூறுவது அரைக்கணக்கு. தாம் எவ்வாறு வாழ விரும்புகிறார் என்பதைத் தெளிவாக அறிந்த ஒருவர் எதிரே அமர்ந்திருந்தமையால்தான் அத்திருப்பம் இயன்றது. முகப்பைக் காட்டிப் பெருமை கொள்ள விரும்பிய ஒருவர் அங்கே இருந்திருப்பின், அதே கலைஞர் மற்றுமொரு பங்களாவே கட்டியிருக்க நேர்ந்திருக்கும்.

பாவா கொழும்பில் தமக்கென அமைத்துக்கொண்ட இல்லம் பினாங்குக்கு இன்னும் நெருங்கியது. 1958 தொடங்கி, ஒரு சந்தில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகப் பெற்று ஒன்றாக்கினார். இடையிடையே கூரையைத் திறந்து சிறுசிறு முற்றங்களை வைத்தார். வெளிச்சம் விழும் இடம் ஒன்று, ஒரு மரம் நிற்கும் இடம் ஒன்று, நீர் தேங்கும் இடம் ஒன்று என ஒவ்வொன்றும் ஒரு வேலை மட்டும் செய்கிறது. கடைவீட்டு முற்றம் ஒன்றிலேயே நீரும் மரமும் செடிச்சுவரும் இருக்கையும் விளக்கும் திணிக்கும் அமைப்பாளர் இதனைச் சிந்தித்தல் நன்று.

ஏனா டி சில்வாவின் வீடு ஆல்பிரட் பிளேஸில் இன்று இல்லை. அம்மையார் முதுமையில் மாத்தளைக்கு அருகேயுள்ள தம் மூதாதையர் ஊராகிய அலுவிகாரையில் வாழ்ந்து 2015இல் மறைந்தார். நிலம் கைமாறியபோது அன்பர்கள் வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, எண்ணிட்டு, லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மீண்டும் எழுப்பினர். அரிய தொண்டு அது. ஆயினும் அங்கே இன்று நிற்பது வீட்டின் வடிவம். நகரத்துச் சிறு நிலம் என்ற நெருக்கடிக்கும், குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் தேவைக்கும் விடையாகத் தோன்றிய முற்றம், அவ்விரண்டும் நீங்கிய இடத்தில் காட்சிப் பொருளாகிவிடுவதைத் தவிர்க்க இயலாது. பினாங்குக் கடைவீடுகளுக்கு இஃது ஓர் எச்சரிக்கை. அங்கே கல் இடம் பெயரவில்லை, குடியிருந்தோர் பெயர்ந்தனர். விளைவு ஏறக்குறைய ஒன்றே.

மூன்றாமவர்

இதுகாறும் இருவரைப் பற்றியே கூறப்பட்டது. மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

புதுதில்லியில் வைசிராயின் மாளிகைத் தோட்டம் எழுந்த வரலாறு இதனை விளக்கும். காசுமீரத்து ஷாலிமார், நிஷாத் தோட்டங்களைக் கண்டு மகிழ்ந்த ஹார்டிஞ்சு சீமாட்டியார் மொகலாயர் முறைத் தோட்டத்தை விரும்பினார். அத்தோட்டங்களைப் பற்றி வில்லியர்ஸ் ஸ்டுவர்ட் அம்மையார் எழுதிய நூல் 1913இல் வெளிவந்தது. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் இந்தியக் கலையின்பால் பெருமதிப்பு உடையவர் அல்லர். ஆயினும் வீட்டார் விருப்பத்துக்குச் செவிசாய்த்து, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நீர்க்கால்களையும் தாமரை வடிவ நீரூற்றுகளையும் வகுத்தார். விரும்பிய சீமாட்டியார் 1914லேயே மறைந்தார். 1928, 1929ஆம் ஆண்டுகளில் அங்கே உண்மையில் மண்ணைப் பண்படுத்திச் செடிகளை நட்டு வளர்த்தவர் வில்லியம் முஸ்டோ என்னும் தோட்டக்கலை அதிகாரியும் அவரின் கீழிருந்த எண்ணற்ற தோட்டக்காரர்களுமே. 2023இல் அம்ரித் உத்யான் எனப் பெயர் மாறியுள்ள அத்தோட்டம் லட்யன்ஸின் பெயரால் புகழப்படுகிறது. முஸ்டோவை நினைப்பவர் சிலர். தோட்டக்காரரை நினைப்பவர் எவருமிலர்.

பெருமாளிகைக்குப் பொருந்துவது சிறுமுற்றத்துக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். முற்றத்துச் செடிக்கு நீர் ஊற்றுபவர் வீட்டு அம்மையாரோ, வேலைக்கு வரும் பெண்ணோ, வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரரோ எவராயினும், திட்டம் பேசும்போது அவர் அங்கே இருத்தல் வேண்டும். வாளி தூக்க எத்தனை அடி நடக்க வேண்டும், குழாய் எங்கே இருக்கிறது, வடிகாலில் இலை அடைத்தால் யார் குனிந்து எடுப்பார் என்னும் வினாக்களுக்கு விடை அவரிடமே உண்டு. அவரைக் கேளாது வரையப்பட்ட திட்டம் எத்துணை அழகியதாயினும் மூன்றாம் ஆண்டில் தொட்டிகளும் காய்ந்த தண்டுகளுமாக முடியும்.

இல்லை என்று கூறும் துணிவு

வீட்டார் கூறவேண்டியது என்ன? தம் விருப்பங்களை அடுக்கிக் கூறுவது போதாது. வழக்கங்களைக் கூற வேண்டும். காலையில் முற்றத்தில் வெயில் எத்தனை நாழிகை தங்குகிறது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, பாட்டி எங்கே அமர்கிறார், கோலம் எங்கே இடப்படுகிறது, தொழுகைக்குமுன் கை கால் கழுவும் இடம் எது, மாதம் எவ்வளவு பணம் இதற்கு ஒதுக்க இயலும் ஆகியவை வெட்கமின்றிப் பேசப்பட வேண்டும். இவற்றை மறைத்து, நாளேடுகளிலும் விடுதிகளிலும் கண்ட படங்களை நீட்டுவோர் தம் வீட்டைத் தாமே அயலார் வீடாக்கிக்கொள்கின்றனர்.

அமைப்பாளரின் கடமை அதனினும் கடினம். மல்லிகையை எடுத்துக்கொள்ளலாம். பூசைக்கும் கூந்தலுக்கும் வீட்டு மல்லிகையே வேண்டும் என்று விரும்பாத தமிழ்ப் பெண் அரியர். ஆனால் மல்லிகை பூப்பதற்கு நல்ல வெயில் வேண்டும். இருமாடிச் சுவர்களுக்கிடையே அமைந்த குறுகிய முற்றத்தில் நேர்வெயில் உச்சிப்பொழுதை ஒட்டியே இறங்கும். அங்கே வைத்த மல்லிகை கொடியாக நீளும், பூக்காது. துளசியும் கறிவேப்பிலையும் அங்கே நலிந்தே இருக்கும். நிழலைத் தாங்கும் பெரணி வகைகளே செழிக்கும். பணம் கொடுப்பவர் முன் அமர்ந்து, 'அம்மா, மல்லிகை இங்கே பூக்காது. பின்கட்டு மொட்டைத்தளத்தில் தொட்டி வைத்தால் பூக்கும்' என்று கூறுவதே தொழில் அறிவு. ஆம் ஆம் என்று தலையசைத்து, பூத்த செடியை வாங்கி வந்து திறப்புநாளில் வைத்துவிட்டுப் போவது தொழில் அன்று, வாணிகம்.

இதனை ஏற்றுக்கொள்வோரும் ஒரு தடை எழுப்புவர். அமைப்பாளரை அழைப்பது செல்வர்க்கே ஆகும். எளியோர் என் செய்வர் என்பர். ரெப்டனின் வழி இதற்கு விடை தருகிறது. முழுத் தோட்டத்தையும் செய்து முடிக்கும் பொறுப்பை ஒப்படைக்காமல், ஒருநாள் அறிவுரைக்கு மட்டும் ஊதியம் தந்து, வேலையைக் காலப்போக்கில் தாமே செய்துகொள்ளலாம். வடிகாலின் சாய்வு, சுவரின் ஈரம், வெயிலின் வழி ஆகிய மூன்றையும் தேர்ந்த ஒருவர் ஒருநாள் பார்த்துச் சொன்னால், எஞ்சியதைத் தொட்டியும் மண்ணும் கொண்டு வீட்டாரே திருத்திக்கொள்ளலாம். தவறு நேர்ந்தாலும் தொட்டியை நகர்த்த ஒரு கை போதும். 1884ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் பழைய கற்சுரங்கம் ஒன்றின் இடத்தில் தொடங்கிய பினாங்குத் தாவரப் பூங்கா இன்றும் அண்மையில் இருக்கிறது. இம்மண்ணில் எது நிழலில் வாழும், எது வெயிலைத் தேடும் என்பதை அங்கே ஒருநாள் நடந்து எவரும் அறியலாம். அவ்வாறு அறிந்து வரும் வீட்டாரிடம் அமைப்பாளரும் பொய்ப்படம் நீட்டத் தயங்குவார்.

மற்றொரு சாரார், பழைய முற்றத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவதே சிறப்பு, அமைப்பாளரே வேண்டா என்பர். இது பற்று மிகுதியால் எழுந்த கருத்து. துவைகல்லும் அரிசி களையும் தொட்டியும் வேலையிழந்த வீட்டில் முற்றத்துக்குப் புதிய வேலை ஒன்று வேண்டும். வேலையற்ற இடம் குப்பைக்கிடமாகும், அன்றேல் கூரையிட்டு மூடப்படும். அந்தப் புதிய வேலை யாது எனக் கண்டறிவதற்கே பயின்ற கண்ணுடைய ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் கூரை திறந்திருத்தல், மழை வழிந்தோடுதல், காற்று மேலெழுதல் ஆகிய பழைய வேலைகளை நிறுத்திவிட்டு எந்தப் புதிய வேலையும் அங்கே தொடங்கலாகாது. இவ்வரம்புக்குள் அமைப்பாளரின் கற்பனைக்கு இடம் குறைவன்று.

ஆகவே, பாரம்பரிய நகர்களில் திருத்தப்பெறும் வீடுகளை மதிப்பிடுவோர் முகப்பின் வண்ணத்தையும் கதவின் செதுக்கையும் மட்டும் பார்த்துப் பாராட்டு வழங்குவதை நிறுத்துதல் நன்று. உள்ளே சென்று, மழை பெய்யும்போது முற்றத்தில் நிற்க வேண்டும். நீர் எங்கே போகிறது, காற்று வருகிறதா, பகலில் விளக்கு எரிகிறதா, செடிக்கு நீர் ஊற்றுபவர் யார் என்று வினவ வேண்டும். இவ்வினாக்களுக்கு வீட்டாரே தயக்கமின்றி விடை கூறுவாராயின், அங்கே ஒரு நல்ல அமைப்பாளர் வேலை செய்திருக்கிறார் என்று கொள்ளலாம். விடைக்காக அவர்கள் அமைப்பாளரின் தொலைபேசி எண்ணைத் தேடுவாராயின், அம்முற்றம் இன்னும் அவ்வீட்டாருக்கு உரியதாகவில்லை.